முதல் கதை அச்சேறுகிறது, ஆசிரியர் குறிப்பு கேட்கிறார்கள்: என்ன எழுதுவது?

கேள்வி இதுதான்: "இதுவரை ஏழு சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். முதன்முறையாக ஒன்றை ஓர் இதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 50 சொற்களுக்குள் ஆசிரியர் குறிப்பு அனுப்பச் சொல்கிறார்கள். எனக்குப் புத்தகம் இல்லை, விருது இல்லை. மருத்துவ ஆய்வகத்தில் இரவு ஷிஃப்டில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. கதையும் அப்படி ஓர் ஆய்வகத்துக்கு வெளியே முடிவுக்காக விடிய விடியக் காத்திருக்கும் ஒரு பெரியவரைப் பற்றியதுதான். அதை எழுத மூன்று வாரம் ஆனது. இந்தக் குறிப்பை நான்கு நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றி நானே என்ன சொல்வது? கூச்சமாக இருக்கிறது." கூடவே தன் வரைவையும் தந்திருக்கிறார். அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

முதலில் வாழ்த்துகள். முதல் கதை அச்சில் வருவது சின்ன விஷயம் இல்லை.

நான் பல வருடம் ஒரு சிற்றிதழின் ஆசிரியர் குழுவில் இருந்தேன். கதைகளோடு வரும் அறிமுகக் குறிப்புகளைச் சுருக்கி, திருத்தி, அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று உண்டு. கதையில் ஒரு மனிதரை இரண்டு வரியில் கண்முன் நிறுத்திவிடுகிறவர், தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் விண்ணப்பப் படிவம் நிரப்ப ஆரம்பித்துவிடுவார். பிறந்த தேதி, பட்டம், பெற்ற சான்றிதழ்கள், பொழுதுபோக்கு. எழுதத் தெரியாததால் வருகிற குறை இல்லை இது. அந்தக் குறிப்பை யார் படிக்கப்போகிறார்கள், எந்த நேரத்தில் படிக்கப்போகிறார்கள் என்று யோசிக்காததால் வருவது.

அதை யோசித்துப் பாருங்கள். வாசகர் உங்கள் கதையைப் படித்து முடித்திருக்கிறார். அந்தப் பெரியவர் இன்னும் மனதில் உட்கார்ந்திருக்கிறார். கண் அப்படியே கீழே இறங்குகிறது. "யார் இதை எழுதியது?" என்று ஒரு சின்ன ஆர்வம். அது சில விநாடிதான் இருக்கும். உங்கள் குறிப்பு பதில் சொல்ல வேண்டியது அந்த ஆர்வத்துக்கு மட்டும்தான். உங்களை வேலைக்கு எடுக்க வந்தவர் இல்லை அவர். உங்கள் தகுதியைச் சரிபார்க்கவும் வரவில்லை. கதை பிடித்துப்போனதால் கேட்கிறார், அவ்வளவுதான். பெயர், நீங்கள் என்ன எழுதுகிறவர், உங்களைப் பற்றி நினைவில் நிற்கிற ஓர் உண்மை, முடிந்தால் உங்களை மேலும் எங்கே படிக்கலாம் என்ற தகவல். இது போதும். புத்தகமும் விருதும் இருந்தால் அவை அந்த "உண்மை"யின் இடத்தில் வந்து உட்காரும். இல்லாவிட்டால் அந்த இடம் காலியாகிவிடாது, வேறொன்று உட்காரும்.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது உங்களுக்கு மட்டும் உள்ளது இல்லை, தமிழில் மிகப் பழைய கூச்சம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதைப் பற்றியே சூத்திரங்கள் வைத்திருக்கிறது. ஒரு நூலுக்கு முன்னால் வரும் சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டு விஷயங்களைச் சொல்கிறது. அதில் முதலாவது "ஆக்கியோன் பெயர்". ஆனால் அந்தப் பாயிரத்தை நூலாசிரியரே எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியர், அவரோடு சேர்ந்து படித்தவர், அவருடைய மாணவர், அந்த நூலுக்குத் தகுந்த உரைகாரர், இவர்களில் ஒருவர்தான் எழுத வேண்டும். காரணமும் அடுத்தே வருகிறது: யாருக்கும் தோன்றாத ஒன்றை ஒருவர் கண்டு சொல்லியிருந்தாலும், எத்தனை துறையில் நூல் செய்து முடித்திருந்தாலும், "தான் தற்புகழ்தல் தகுதி அன்றே."

இதோடு விட்டிருந்தால் உங்கள் கூச்சத்துக்கு ஒரு சான்று கிடைத்தது என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அடுத்த சூத்திரம் நான்கு விதிவிலக்குகள் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதம் செய்து வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது, புலவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை மறுபடி படியுங்கள். "தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்." உங்கள் முதல் கதையைப் படிக்கப்போகும் வாசகர்கள் எல்லாருமே உங்களை அறியாதவர்கள்தான். அவர்களிடம் உங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது பெருமை அடிப்பது ஆகாது. அதற்கு ஏழெட்டு நூற்றாண்டுக்கு முன்பே அனுமதி கொடுத்துவைத்திருக்கிறார்கள்.

"சரி, ஆனால் சொல்வதற்கு என்ன இருக்கிறது, நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன்" என்கிறீர்கள். இந்த இடத்தில்தான் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சங்கப் பாடல்களைப் பாடியவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அவர்கள் பெயரில் இருப்பதுதான். அந்தப் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி, அவர் துணி வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானிய வியாபாரி. உறையூர் மருத்துவன் தாமோதரனார், வைத்தியர். ஊர், தொழில், பெயர். மூன்றே சொல்லில் ஆள் தெரிகிறார். பட்டமும் பரிசும் அதில் இல்லை. துணி விற்றவர் என்று சொன்னதால் இளவேட்டனாரின் பாட்டு ஒரு இம்மியும் குறையவில்லை. எனக்கு அவர் பாட்டைப் படிக்கும்போது, பகல் முழுக்கத் துணி அளந்த கை இதை எழுதியது என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பு பாட்டை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்துவிடும்.

பெயரே தெரியாமல் போன புலவர்களும் உண்டு. அவர்களைத் தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டில் வந்த ஒரு தொடரை எடுத்துப் பெயராக்கிவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். எழுதியவரைப் பற்றி எதுவுமே தெரியாதபோது எழுத்தே அறிமுகமாகிவிடுகிறது. இதில் உங்களுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. கதை நன்றாக இருந்தால் குறிப்பு எவ்வளவு எளிமையாக இருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். குறிப்பு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் சரியில்லாத கதையை அதனால் தூக்கி நிறுத்த முடியாது.

இப்போது உங்கள் வரைவு:

"சிறு வயது முதலே எழுத்தின் மீது தீராத காதல் கொண்டவர். நுண்ணுயிரியலில் இளங்கலைப் பட்டம் பெற்று, தனியார் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிந்து வரும் இவர், கவிதை, சிறுகதை, கட்டுரை எனப் பல தளங்களிலும் இயங்கி வரும் வளர்ந்து வரும் எழுத்தாளர் ஆவார். பல்வேறு போட்டிகளில் பங்கேற்றுச் சான்றிதழ்கள் பெற்றுள்ளார். எழுத்தையே தன் மூச்சாகக் கருதுகிறார்."

39 சொற்கள். அளவு சரி. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இதைப் படித்து முடித்தபின் உங்களைப் பற்றி எனக்கு நினைவிருப்பது ஆய்வகம் மட்டும்தான். மற்ற எல்லாமே யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். இதுதான் என் முதல் சோதனை: ஒரு வரியை எடுத்து வேறொருவர் பெயருக்குக் கீழே வையுங்கள். அங்கேயும் அது சரியாகப் பொருந்தினால், அந்த வரி உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சிறு வயது முதலே தீராத காதல்" எழுதுகிற எல்லாருக்கும் பொருந்தும். "எழுத்தே மூச்சு" அதைவிடப் பொருந்தும். மழையும் இசையும் தனிமையும் பிடிக்கும் என்று எழுதுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். உணர்வு பொய் என்று சொல்லவில்லை. உங்களுக்கு எழுத்து மூச்சாகவே இருக்கலாம். ஆனால் அதை நீங்கள் சொல்லித் தெரியவைக்க முடியாது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து ஏழு கதை எழுதியிருக்கிறீர்கள் என்பதே அதைச் சொல்லிவிடும்.

அடுத்து அந்த இரண்டாம் வாக்கியம். "பெற்று", "பணிபுரிந்து வரும் இவர்", "இயங்கி வரும்", "வளர்ந்து வரும்", கடைசியில் "ஆவார்". ஒரே வாக்கியத்தில் மூன்று "வரும்". தமிழில் எச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது எளிது. அதனாலேயே அறிமுகக் குறிப்புகள் எல்லாம் ரயில் வண்டி மாதிரி ஆகிவிடுகின்றன. பிறந்து, வளர்ந்து, படித்து, பட்டம் பெற்று, பணியில் சேர்ந்து, எழுதி வரும் இவர்... எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று வாசகர் தேட வேண்டியிருக்கும். உடைத்துவிடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. "பணிபுரிந்து வருகிறார்" வேண்டாம், "வேலை செய்கிறார்" போதும். "எழுதி வருகிறார்" என்பதை "எழுதுகிறார்" ஆக்குங்கள். "ஆவார்" எங்கே வந்தாலும் அடித்துவிடலாம், வாக்கியம் அது இல்லாமலே நிற்கும். "இவர்" இந்த வகைக் குறிப்புகளில் மழைக்காலக் கொசு மாதிரி பெருகும். தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் பாதி இடங்களில் "இவர்" தேவையே இல்லை.

"வளர்ந்து வரும் எழுத்தாளர்" என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதைப் பணிவு என்று நினைத்து எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ அது முன்கூட்டியே கேட்கிற மன்னிப்பாகத்தான் தெரிகிறது. "கதையில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இன்னும் முழுதாக எழுத்தாளர் ஆகவில்லை" என்று வாசகரிடம் சொல்கிற மாதிரி. ஆசிரியர் குழு உங்கள் கதையை வளர்ந்து வருகிறவர் கதை என்று சலுகை கொடுத்து எடுக்கவில்லை. பிடித்ததால் எடுத்தார்கள். மறுபக்கம், புத்தகம் வராமலே "எழுத்தாளர்" என்று போட்டுக்கொள்ளவும் உங்களுக்குத் தயக்கமாக இருக்கலாம். அந்தத் தயக்கத்துக்கு ஓர் எளிய வழி உண்டு. பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடியுங்கள். "சிறுகதைகள் எழுதுகிறார்." இதில் கூச்சமும் இல்லை, உரிமை கோரலும் இல்லை. நீங்கள் செய்கிற காரியத்தைச் சொல்கிறது. உண்மை. யாரும் மறுக்க முடியாது.

கவிதை, சிறுகதை, கட்டுரை என்று மூன்றையும் அடுக்க வேண்டுமா? கட்டுரை நீங்கள் எத்தனை எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டது ஒரு கதைக்கான குறிப்பு. கதையைச் சொல்லுங்கள். நுண்ணுயிரியல் பட்டமும் இங்கே வேண்டாம், ஆய்வகம் என்றதும் அது தானாகவே அடங்கிவிடுகிறது. நாளைக்கு நோய்த்தொற்று பற்றி ஓர் அறிவியல் கட்டுரை எழுதினீர்கள் என்றால், அப்போது அதே பட்டம் முதல் வரிக்கு வர வேண்டும். எது முக்கியம் என்பதைக் குறிப்புக்கு மேலே இருக்கிற படைப்புதான் தீர்மானிக்கும்.

போட்டிச் சான்றிதழ்கள். பங்கேற்றதற்கான சான்றிதழைக் குறிப்பிட வேண்டாம். பரிசு வாங்கியிருந்தால், எந்தப் போட்டி, எந்த ஆண்டு என்று பெயரோடு ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். "பல்வேறு" என்ற சொல்லைப் பார்த்தாலே இதழாசிரியருக்குச் சந்தேகம் வரும், ஏனென்றால் பெயர் சொல்லக்கூடியது இருந்தால் யாரும் "பல்வேறு" என்று எழுத மாட்டார்கள். "பல இதழ்களில் எழுதியுள்ளார்" என்பதற்கும் இதே கதிதான். ஓர் இதழில் வந்திருந்தால் அந்த ஓர் இதழின் பெயரைச் சொல்வது "பல இதழ்கள்" என்பதைவிடக் கனமானது. அப்புறம், கட்டணம் கட்டினால் கிடைக்கிற விருதுகள், பட்டங்கள் உண்டு. புதிதாக எழுத வருகிறவர்களைக் குறிவைத்தே அவை நடக்கின்றன. ஆசையாக இருக்கும், புரிகிறது. ஆனால் இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு அவை எவையென்று தெரியும். அதைக் குறிப்பில் போட்டால் கதையின் மதிப்பும் சேர்ந்து குறையும்.

இவ்வளவும் நீக்கியபின் மிஞ்சுவதை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது. "இன்னார்" இருக்கும் இடத்தில் உங்கள் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்:

"இன்னார் சிறுகதைகள் எழுதுகிறார். மருத்துவ ஆய்வகம் ஒன்றில் இரவுப் பணியில் ரத்த மாதிரிகளைப் பரிசோதிப்பவர். அச்சில் வரும் இவரது முதல் கதை இது."

17 சொல். கேட்டது 50க்குள். 50ஐத் தொட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் பாலும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் 50 சொல் பிடிக்கிற செய்தி நம் மொழியில் அதைவிடக் குறைந்த சொல்லிலேயே அடங்கிவிடும். இடம் மிச்சம் இருக்கிறதே என்று எதையாவது போட்டு நிரப்பாதீர்கள்.

"முதல் கதை" என்று சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். சொல்லுங்கள் என்பதே என் கருத்து. மறைத்தால் ஏதோ விடுபட்ட மாதிரி இருக்கும். சொன்னால் வாசகருக்கு ஒரு சந்தோஷம் உண்டு, ஒருவரை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம் என்று. எங்கள் இதழில் முதல் கதை என்று குறிப்பிட்டவர்களுக்குத்தான் வாசகர் கடிதம் அதிகம் வரும் என்ற நினைவு எனக்கு இருக்கிறது. ஆனால் இது ஒரே ஒரு முறை பயன்படுத்தக்கூடிய வரி. அடுத்த கதைக்கு இது போய்விடும், அந்த இடத்தில் இந்த இதழின் பெயர் வரும். உங்கள் இரண்டாவது குறிப்பு தானாகவே எளிதாகிவிடும்.

ஆய்வகத்தைச் சொல்லலாமா என்பதில் ஒரு விஷயத்தை நீங்களே தீர்மானிக்க வேண்டும். கதையும் ஆய்வகம், எழுதியவரும் ஆய்வகம் என்றதும் வாசகர் இதை நடந்த சம்பவம் என்றே எடுத்துக்கொள்வார். சிலருக்கு அது பிடிக்கும், கதைக்கு ஒரு நம்பகம் கூடும். சிலருக்குத் தான் கட்டி எழுப்பிய கற்பனையை நாட்குறிப்பாகப் படிப்பது வருத்தம் தரும். இரண்டாவது ரகம் என்றால் வேலையை விட்டுவிட்டு வேறோர் உண்மையைப் போடுங்கள். சொல்வது என்று முடிவு செய்தால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். நோயாளிகளோடு சம்பந்தப்பட்ட வேலை உங்களுடையது. "என் பணியிடத்தில் கண்ட உண்மைச் சம்பவம்" என்ற மாதிரி ஒரு சொல்கூட வர வேண்டாம். அந்தப் பெரியவர் யாரென்று யாரோ கண்டுபிடிக்கக்கூடிய நிலை வந்தால் அது அவருக்கும் நல்லதில்லை, உங்கள் வேலைக்கும் நல்லதில்லை. சில வேலைகளில் வெளியே எழுதுவதற்கே முன் அனுமதி தேவைப்படும். உங்கள் நியமன விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதே காரணத்துக்காக வீட்டு முகவரி, சொந்தத் தொலைபேசி எண், பிள்ளைகளின் பெயர், அவர்கள் படிக்கும் பள்ளி, இவை எதுவும் அச்சில் போகக் கூடாது. இதழ் ஒருமுறை அச்சாகிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. இணையத்தில் இன்னும் மோசம். வாசகர் தொடர்புகொள்ள வேண்டும் என்று நினைத்தால் எழுத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டு உங்கள் விருப்பம். தொகுப்புகளில் கேட்பார்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் எழுதும்போது நூலகப் பட்டியல்களில் ஆளைப் பிரித்துக்காட்டப் பிறந்த ஆண்டு உதவுகிறது. மாதமும் தேதியும் யாருக்கும் தேவையில்லை.

"அவர்" என்று எழுதுவதா, "நான்" என்று எழுதுவதா? இதழில் மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படி. பெரும்பாலும் படர்க்கையில்தான் இருக்கும். தன்னைத் தானே "எழுதுகிறார்" என்று ஆர் விகுதி போட்டுச் சொல்லிக்கொள்வது முதலில் ஒரு மாதிரியாக இருக்கும். பாயிரத்தை வேறொருவர் எழுதிய வழக்கத்தின் சாயல் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்: பேசுவது நீங்கள் இல்லை, இதழ். இதழ் தன் வாசகரிடம் உங்களை அறிமுகம் செய்கிறது, அதற்கான வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள். உங்கள் சொந்த வலைத்தளம் என்றால் "நான்" தான் இயல்பு. அங்கே இடமும் உண்டு, கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம். உங்களுக்கு நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"இரவு ஷிஃப்டில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். என்னிடம் வருவது குழாயும் எண்ணும்தான், அவற்றுக்குரிய மனிதர்களை நான் பார்ப்பதில்லை. அவர்கள் யாராக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கியதில்தான் கதை எழுத வந்தேன். ஏழு கதைகள் எழுதியிருக்கிறேன். ஒன்று அச்சில் வந்திருக்கிறது."

மற்ற ஆறையும் இங்கேயே படிக்கலாம் என்று சேர்த்துவிடாதீர்கள். சொந்தத் தளத்தில் போட்ட கதையைப் பல இதழ்கள் ஏற்கெனவே வெளிவந்ததாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு மறுத்துவிடும். அந்த ஆறு கதைகளுக்கும் இனிமேல்தான் இதழ் தேட வேண்டும் இல்லையா?

சமூக ஊடகக் குறிப்பு வேறு கணக்கு. இன்ஸ்டாகிராமில் 150 எழுத்து, எக்ஸ் தளத்தில் 160. ஆனால் நாம் எண்ணுகிற எழுத்தும் கணினி எண்ணுகிற எழுத்தும் ஒன்றில்லை. "எழுத்தாளர்" என்பதில் நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனி, ஆகப் பத்து. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைவிட நமக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பாடு புத்தகம் வரும்போது பின்னட்டைக்கு 80, 100 சொல் கேட்பார்கள். அப்போது தேவைப்படும் என்று இப்போதே ஒரு கோப்பு ஆரம்பியுங்கள். வெளிவந்த கதை, இதழின் பெயர், மாதம், ஆண்டு, இதை மட்டும் வரவர எழுதிவையுங்கள். ஐந்து வருடம் கழித்து முதல் கதை எந்த மாதம் வந்தது என்று பழைய இதழ்களைக் குடைந்து தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றுக்கொள்ளப்பட்டு இன்னும் வராததை "வெளிவர உள்ளது" என்று தெளிவாகக் குறியுங்கள். அனுப்பிவிட்டுக் காத்திருப்பதை எங்கேயும் சொல்ல வேண்டாம். "நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார்" என்ற வரியையும் யோசித்துப் போடுங்கள். பாதியாவது முடிந்திருந்தால் சொல்லலாம். இல்லாவிட்டால் அடுத்தடுத்த குறிப்புகளில் அதே வரி வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் உங்களுக்கே பாரமாகிவிடும்.

பெயரைப் பற்றி இப்போதே முடிவெடுத்துவிடுங்கள். தலைப்பெழுத்து உண்டா, அது தமிழ் எழுத்தா ஆங்கில எழுத்தின் ஒலியா, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா. சின்ன விஷயம் மாதிரி தெரியும். முதல் கதையில் ஒரு மாதிரி, இரண்டாவதில் ஒரு மாதிரி என்றால் பின்னால் தேடுகிறவருக்கு இரண்டு பேராகத் தெரிவீர்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் தலைப்பெழுத்தையோ ஊர்ப்பெயரையோ சேர்த்துக்கொள்ளலாம், புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். புனைபெயர் என்றால் குறிப்பில் இயற்பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, இதழுக்குத் தனியாகத் தெரிவித்தால் போதும். சன்மானம், ஒப்பந்தம் எல்லாம் இயற்பெயரில்தான் நடக்கும். ஒன்று மட்டும்: புனைபெயருக்குப் பொய்யான வாழ்க்கை எழுதாதீர்கள். செய்யாத வேலை, வாழாத வாழ்க்கை, சாராத சமூகம் இவற்றைக் குறிப்பில் எழுதிவிட்டு அதன் பலத்தில் கதை வாசிக்கப்படுவது வாசகரை ஏமாற்றுவது. சொல்லாமல் விடுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. இல்லாததைச் சொல்ல உரிமை இல்லை.

போட்டிக்கு அனுப்பும்போது மட்டும் வேறு விதி. எழுதியவர் யாரென்று தெரியாமல் நடுவர்கள் படிக்கும் போட்டி என்றால், கதை இருக்கும் கோப்பில் பெயரும் குறிப்பும் எங்கேயும் இருக்கக் கூடாது, கோப்பின் பெயரில்கூட. குறிப்பை மின்னஞ்சலிலோ தனிக் கோப்பிலோ வையுங்கள். அருமையான கதைகள் இந்த ஒரு காரணத்தால் விலக்கப்படுவதைக் கண்டிருக்கிறேன்.

இன்னும் தயக்கம் இருந்தால் நன்னூல் சொன்ன வழியிலேயே போங்கள். உங்களோடு சேர்ந்து எழுதுகிற, உங்கள் கதைகளைப் படித்த ஒருவரிடம் கேளுங்கள்: "என்னைத் தெரியாத ஒருவரிடம் என்னைப் பற்றி இரண்டு வாக்கியத்தில் சொல்லேன்." எழுதித் தரச் சொல்லாதீர்கள், எழுதச் சொன்னால் அவரும் "தீராத காதல்" என்று ஆரம்பித்துவிடுவார். பேசச் சொல்லிக் கேளுங்கள். பேச்சில் வருவது பெரும்பாலும் நீங்கள் சாதாரணம் என்று நினைத்து விட்டுவிட்ட ஏதோ ஒன்றாக இருக்கும். எங்கள் இதழுக்கு ஒரு பெண் எழுதியனுப்பிய குறிப்பில் மூன்று பட்டங்கள் இருந்தன. அவருடைய தோழியிடம் பேசும்போதுதான் அவர் இருபது வருடமாகக் காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுப்பவர் என்று தெரிந்தது. அவர் கதையில் பேச்சே இல்லாமல் இரண்டு பேர் சண்டை போடும் ஓர் இடம் உண்டு, எல்லாரும் வியந்த இடம். அவரிடம் அனுமதி கேட்டு அந்த ஒரு வரியை வைத்தோம். பட்டங்கள் போயின.

கடைசியாக, அனுப்பும்போது ஒரு வேண்டுகோளும் சேர்த்து வையுங்கள்: அச்சுக்குப் போகும் முன் குறிப்பு இருக்கும் பக்கத்தை ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். கதையைப் பலர் பிழை பார்ப்பார்கள், குறிப்பைக் கடைசி நிமிடத்தில் ஒருவர் தட்டச்சு செய்து சேர்ப்பார். நானே ஒருமுறை ஒருவரின் தலைப்பெழுத்தை மாற்றிப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அது அவருக்கும் முதல் கதை. அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். ஆனாலும் அவர் வீட்டில் எடுத்துவைத்திருக்கும் பிரதியில் அந்தத் தவறு இன்றைக்கும் இருக்கும். உங்கள் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு "சரி" என்று பதில் போடுங்கள்.